ஜூனியர் காலேஜிலிருந்து டிவிஷன் 1 அணிக்கு: முதல் ஆண்டு உங்களிடம் என்ன கேட்கும்?

அமெரிக்காவில் ஜூனியர் காலேஜில், அதாவது இரண்டு ஆண்டுக் கல்லூரியில், கூடைப்பந்து ஆடிவிட்டு, அங்கிருந்து டிவிஷன் 1 என்ற உச்ச நிலையில் ஆடும் நான்கு ஆண்டுப் பல்கலைக்கழக அணிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடைப்பந்து வட்டாரத்தில் அந்தக் காலேஜையும் அங்கிருந்து வருகிறவர்களையும் ‘ஜூகோ’ என்றே கூப்பிடுவார்கள். பிள்ளையை அப்படி அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் பயன்படும், ஆனால் பேசப் போவது ஆட்டக்காரரிடம்தான்.

முதுகலை படித்த காலத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்குக் கணிதமும் புள்ளியியலும் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். பயிற்சி முடிந்து, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மாலை ஆறரைக்கு வந்து உட்காருவார்கள். ஜூகோவிலிருந்து வந்தவர்களில் ஆட்டம் தெரியாமல் தடுமாறியவரை நான் பார்க்கவில்லை. அணி தங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது டிசம்பரில்தான் அவர்களுக்குப் பிடிபடும். அதற்குள் சீசனில் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருக்கும்.

பள்ளியிலிருந்து நேராக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அணி அவகாசம் தரும். முதல் ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தாலும் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பார்கள். உங்களிடம் பெரும்பாலும் இரண்டு சீசன்தான் மிச்சம். சீசனுக்கு 30 சொச்சம் ஆட்டம். உங்களை எடுத்ததே உடனே ஆடுவீர்கள் என்பதற்காகத்தான். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

கையெழுத்துக்கு முன்: கிரெடிட் கணக்கு

முதல் வேலை மைதானத்தில் இல்லை, டிரான்ஸ்கிரிப்டில், அதாவது உங்கள் கல்லூரி மதிப்பெண் பட்டியலில், இருக்கிறது. அதிகம் பேர் அடிபடுவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதியைப் பள்ளி முடித்தபோதே பெற்றவரா நீங்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெற்றவர் என்றால், ஜூனியர் காலேஜில் படித்த ஒவ்வொரு முழுநேரப் பருவத்துக்கும் சராசரியாக 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு), பல்கலைக்கழகம் ஏற்கக்கூடியதாக, இருக்க வேண்டும். அந்தப் பாடங்களில் ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 4-க்கு 2.5 வேண்டும். பள்ளியில் தகுதி பெறவில்லை என்றால் வழி இன்னும் குறுகல். மூன்று முழுநேரப் பருவமாவது படித்து, ஜூனியர் காலேஜ் பட்டத்தையே முடித்திருக்க வேண்டும். அதில் ஆங்கிலம் 6 கிரெடிட், கணிதம் 3, அறிவியல் 3 அடங்க வேண்டும். ஜி.பி.ஏ.வை ஏற்றுவதற்காக எடுத்த உடற்பயிற்சி வகுப்புகளில் 2 கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் வராது.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்த படி. பல்கலைக்கழகம் ஒரு கிரெடிட்டை ஏற்பது வேறு, அது உங்கள் பட்டத்துக்கு உதவுவது வேறு. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, எடுத்திருக்கும் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்பது டிவிஷன் 1 விதி. நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட், அதில் 40 சதவீதம் 48. உங்கள் கையில் 64 இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் எடுக்க நினைக்கும் பட்டத்தின் பாடத்திட்டத்துக்குள் அந்த 64-ல் 45தான் பொருந்துகிறது என்று வையுங்கள். மிச்சம் 19 டிரான்ஸ்கிரிப்டில் அழகாக நிற்கும், ஆனால் பட்டத்துக்கு உதவாது. 48-க்கு 3 குறைவு. அவ்வளவுதான், இலையுதிர் பருவத்தில் நீங்கள் ஆட முடியாது.

என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது. பிசினஸ் எடுக்க ஆசை. ஜூனியர் காலேஜில் முடித்த இரண்டு கணக்குப் பாடங்களுமே அந்தப் பட்டத்துக்குத் தேவையான நிலைக்குக் கீழே இருந்தன. யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆகஸ்டில் தெரிந்தது. கோடை வகுப்பில் சேரக் காலம் கடந்துவிட்டது. சீசனின் முதல் ஆறு வாரம் சட்டையும் டையும் கட்டிக்கொண்டு பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடத்தில் ஆடியவன் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

எனவே மார்ச், ஏப்ரலில் கோச்சுகள் போனில் அழைக்கும்போதே கேளுங்கள்: “என் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்து, இன்னின்ன பட்டத்தில் எத்தனை கிரெடிட் சேரும் என்று எழுத்தில் தர முடியுமா?” நல்ல அணிகள் இதை ஒரு வாரத்தில் செய்து தந்துவிடும். மழுப்பினால் அதுவே ஒரு பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பாடத்திட்டக் குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பாடம் சேராது என்று சொன்னால், அந்தத் தாளைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். துறைத் தலைவர் ஏற்றுக்கொள்வதும் உண்டு.

எத்தனை சீசன் பாக்கி

டிவிஷன் 1 கணக்குப்படி, முழுநேர மாணவராக எந்தக் கல்லூரியில் முதலில் சேர்ந்தீர்களோ அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்பது நெடுநாள் வழக்கம். ஜூனியர் காலேஜில் ஆடியதும் அதில் கழியும். 2024 டிசம்பரில் வாண்டர்பில்ட் அமெரிக்க ஃபுட்பால் வீரர் டியேகோ பாவியா இதை எதிர்த்து நீதிமன்றம் போய் இடைக்கால உத்தரவு வாங்கினார். உடனே என்.சி.ஏ.ஏ., அவரைப் போல ஜூனியர் காலேஜில் ஆடி, அந்த ஆண்டோடு வாய்ப்பு முடிய இருந்தவர்களுக்கு 2025-26-ல் இன்னொரு சீசன் ஆட விலக்கு கொடுத்தது. இந்த விதி இன்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. இணையத்தில் யாரோ சொன்னதை நம்பாமல், ‘எனக்கு இத்தனை சீசன் உண்டு’ என்று பல்கலைக்கழகத்தில் இந்த விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடமிருந்து மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் வீடுகளில் பணப் பேச்சைத் தள்ளிப் போடுவோம். இங்கே தள்ளிப் போடக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தில் சேருவதாக ஆட்டக்காரர் கையெழுத்திடும் ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற பழைய ஏற்பாடு 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது நீங்கள் கையெழுத்திடும் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம்தான் எல்லாம். அது ஓர் ஆண்டுக்கா, பட்டம் முடியும்வரையா? கோடை வகுப்புக் கட்டணம் அதில் சேருமா? காயம் பட்டால்? தாளில் இல்லாத வாக்குறுதி, கோச் வேறு வேலைக்குப் போகும் நாளில் அவரோடு போய்விடும். கோச்சுகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த அணிகளில் கூடைப்பந்துக்கு 15 பேர்தான் என்பது வரம்பு. முன்பு கடைசி நாற்காலிகளில் ஓரிருவர் கூடுதலாக உட்கார இடம் இருந்தது, இப்போது ஒவ்வோர் இடமும் எண்ணி வைத்த இடம். வெளி நிறுவனங்களோடு 600 டாலர், அதற்கு மேல் விளம்பர ஒப்பந்தம் போட்டால் அதைப் பதிவு செய்ய வேண்டும். வரும் பணத்துக்கு வரியும் நீங்களே கட்ட வேண்டும், ஒரு பங்கை அன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்லூரி மாறும்போது உங்கள் மாணவர் பதிவும் புதிய கல்லூரிக்கு மாறி, அங்கிருந்து புது ஐ-20 (மாணவர் விசாவுக்கான கல்லூரிச் சான்று) வர வேண்டும். விளம்பரமோ பணமோ எதுவானாலும், சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். “எல்லாரும் செய்யறாங்க, பரவாயில்லை” என்று அணியில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஜூனில் போய் இறங்குங்கள்

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது வந்தால் போதும் என்று கடிதத்தில் இருக்கலாம். முடிந்தால் ஜூனிலேயே போங்கள். கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு எட்டு மணி நேரம்வரை அணியோடு பயிற்சி செய்ய விதி இடம் தருகிறது. ஒன்றிரண்டு பாடத்தையும் முடித்துவிடலாம், மேலே சொன்ன கணக்கில் அது எவ்வளவு உதவும் என்று உங்களுக்கே தெரியும்.

அணி முதலில் பார்ப்பது உங்கள் உடம்பைத்தான். ஜூனியர் காலேஜ்களில் நல்ல ஜிம்மும் சாப்பாடும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கோச்சே வேன் ஓட்டிக்கொண்டு போய், வழியில் பர்கர் வாங்கிக்கொடுத்து, இரவு ஒரு மணிக்குத் திரும்பி வந்த பிள்ளைகள் இவர்கள். டிவிஷன் 1-இல் உங்கள் உயரத்தில் இருப்பவர் உங்களைவிட ஏழெட்டு கிலோ கூடுதல் தசையோடு வந்து மோதுவார். முதல் இரண்டு வாரம் ஸ்ட்ரென்த் கோச் சொல்லும் எடையைவிடக் குறைவாகத் தூக்க நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். பழைய காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்த கணுக்கால் அக்டோபரில் வெளியே வந்தே தீரும், அப்போது கால் மட்டும் போகாது, நம்பிக்கையும் போகும்.

சீசனில் அணி வேலைக்கு வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது விதி. ஆனால் பயணம், பிசியோ, நீங்களாகப் போய் ஷாட் அடிப்பது இவை அந்த 20-க்குள் வராது. நிஜத்தில் இது முழுநேர வேலைதான். அந்த மனக்கணக்கோடு போங்கள்.

வாயைத் திறந்து ஆட வேண்டும்

ஜூகோவிலிருந்து வந்தவர்கள் பெஞ்சுக்குப் போவது பெரும்பாலும் ஷாட் தவறியதால் இருக்காது. டிஃபென்ஸில் பேசாததுதான் காரணமாக இருக்கும். என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான விஷயம் இல்லை.

ஒரு நாள் மாணவனோடு பேச வேண்டி முன்னதாகவே போய், பயிற்சி முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நான்கு பேர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ஒருவருக்கொருவர் பாஸ் செய்கிறார்கள். நான்கு பேர் தடுக்கிறார்கள். கூடையில் போடுவதே கிடையாது. ‘ஷெல்’ என்று இந்தப் பயிற்சிக்குப் பெயர். பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் தடுக்கும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். பந்துக்கு எதிரே நிற்பவர் “பால்! பால்!” என்று கத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் துணை இருக்கிறது என்று குரல் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த பையன் சரியான இடத்துக்குத்தான் ஓடினான், கால் ஒன்றும் பிசகவில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை. துணை கோச் விசில் ஊதி நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி விசில். பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது தடவை அவன் கத்தியபோது சத்தம் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. உடனே பயிற்சி அடுத்ததற்கு நகர்ந்தது.

கபடியில் சங்கிலி கோத்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோர்த்த கை வழியாகவே பக்கத்தில் இருப்பவர் எங்கே நகர்கிறார் என்று தெரிந்துவிடும். கூடைப்பந்தில் அந்தக் கைப்பிடி கிடையாது, குரல்தான் கை. உங்களுக்குப் பின்னால் ஸ்கிரீன் வைக்க, அதாவது உங்கள் வழியை மறித்து நிற்க, ஒருவன் வருகிறான் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஜூனியர் காலேஜில் ஏன் இந்தப் பழக்கம் வராமல் போகிறது? உங்கள் மீது குறை இல்லை. அங்கே ஒவ்வோர் ஆண்டும் பாதி அணிக்கு மேல் மாறிவிடும். சிக்கலான டிஃபென்ஸைக் கட்ட நேரம் போதாது. வேகமாக ஓடி, நிறைய ஷாட் அடித்து, உங்கள் வீடியோவைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதுதான் அங்கே எல்லோருக்கும் வழி.

இன்னொரு குழப்பம் சொற்களில். ஓரக்கோட்டுப் பக்கம் ஸ்கிரீன் வரும்போது, பந்து வைத்திருப்பவரை நடுவுக்கு விடாமல் ஓரமாகவே தள்ளுவது ஓர் உத்தி. ஓர் அணியில் இதற்கு ‘ஐஸ்’ என்று பெயர், இன்னோர் அணியில் ‘புளூ’, மற்றோர் அணியில் ‘டவுன்’. வேலை ஒன்றுதான். ஆனால் உங்கள் பழைய அணியில் ‘புளூ’ என்றால் வேறு எதையோ குறித்திருந்தால், பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் பாய்வீர்கள். அதனால் கோடையிலேயே ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கத்தில் இந்த அணியின் சொல், எதிரே நீங்கள் முன்பு சொன்ன சொல், கீழே உங்கள் கால் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு படம். துணை கோச்சிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அக்டோபரில் முறையான பயிற்சி சூடுபிடிக்கும்போது (முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாளில் 30 பயிற்சி நாள் கிடைக்கும்) சொல்லைத் தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

வீடியோ அறையிலும் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். எதிரணியில் நீங்கள் தடுக்கப் போகிறவர் எந்தக் கையால் ஓட்டுவார், எந்த இடத்திலிருந்து அடிப்பார் என்று திடீரென்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களுக்கு ஆட்ட நேரம் கூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களை எதற்காக எடுத்தார்கள்?

ஜூனியர் காலேஜில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தவர்களைத்தான் பெரும்பாலும் அழைக்கிறார்கள். ஆனால் 20 புள்ளி எடுக்க அழைப்பதில்லை. ஜிம்மி பட்லர் டெக்சஸின் டைலர் ஜூனியர் காலேஜில் ஓர் ஆண்டு ஆடி, 2008-ல் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகம் போனார். முதல் சீசனில் அவருடைய சராசரி 5.6 புள்ளி. தடுத்தார், ரீபவுண்ட் எடுத்தார், பந்தைத் தொலைக்காமல் கொடுத்தார். அடுத்த சீசனில் 14.7. 2011-ல், தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் தேர்வில், முதல் சுற்றில் கடைசியாக, 30-ஆவதாக, சிகாகோ அணி அவரை எடுத்தது. அவருக்காவது மூன்று சீசன் இருந்தது.

வந்ததுமே ஆட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒடெசா காலேஜிலிருந்து நெவாடா லாஸ் வேகஸ் போன லாரி ஜான்சன் முதல் ஆண்டிலேயே, 1990-ல், கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. சாம்பியன் ஆனார். ஷெரில் ஸ்வூப்ஸ் சவுத் ப்ளெயின்ஸ் காலேஜிலிருந்து டெக்சஸ் டெக் போய், 1993 பெண்கள் இறுதி ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர்களைப் பார்த்து ஆசைப்படுங்கள், திட்டம் போடுவதற்கு மட்டும் வேறொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது கீத் ஸ்மார்ட்டை.

கான்சஸின் கார்டன் சிட்டி கம்யூனிட்டி காலேஜிலிருந்து இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர். அந்த அணியின் நாயகன் ஸ்டீவ் ஆல்ஃபர்ட். 1987 என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எல்லார் கண்ணும் ஆல்ஃபர்ட் மீதுதான், எதிரணியான சிரக்யூஸும் அவரை அடைத்துவிட்டது. பந்து டேரில் தாமஸிடம் போய், அங்கிருந்து ஸ்மார்ட்டிடம் வந்தது. இடது ஓரத்திலிருந்து எழும்பி அடித்தார். 74-73, இந்தியானா வென்றது. ஆல்ஃபர்ட் இருக்கும் அணியில் தன் இடம் எது என்று தெரிந்து ஆடியதால்தான் அந்தப் பந்து வந்தபோது அவர் அங்கே இருந்தார் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே முதல் வாரமே தலைமை கோச்சிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். “நான் எத்தனை நிமிடம் ஆடுவேன்?” என்று கேட்காதீர்கள், அதற்கு நேர்மையான பதில் அவரிடமே இருக்காது. “கோச், இந்த அணிக்கு என்னிடமிருந்து எந்த இரண்டு வேலை கட்டாயம் வேண்டும்?” என்று கேளுங்கள். ‘எதிரணியின் சிறந்த கார்டை (பந்தை ஓட்டிவரும் வெளி ஆட்டக்காரரை) தடு, மூலையில் நின்று கிடைக்கும் மூன்று புள்ளி ஷாட்டை அடி’ என்பது போல ஏதாவது சொல்வார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பரில் உங்கள் புள்ளி நான்கு, ஐந்து என்று இருக்கும்போது ஊரிலிருந்து போன் வரும். “என்னப்பா, ஏன் உன்னை ஆட விடமாட்டேங்கறாங்க?” பெற்றோரே, தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

அணியில் ஏற்கெனவே மூன்று ஆண்டு இருப்பவர்களும் உண்டு. நீங்கள் யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறீர்களோ, அவர் உங்கள் பக்கத்து லாக்கரில்தான் இருப்பார். அவரோடு பயிற்சிக்குப் பிறகு நின்று ஷாட் அடியுங்கள், பந்து எடுத்துக் கொடுங்கள்.

வகுப்பறை

பயிற்சிக்கு வராதவரை எப்படிக் கவனிப்பார்களோ, அப்படியே வகுப்புக்கு வராதவரையும் கவனிப்பார்கள். பல அணிகள் ஆள் வைத்தே பார்க்கும். முதல் வாரத்தில் ஒவ்வொரு பேராசிரியரிடமும் போய், வெளியூர் ஆட்ட நாட்களின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். டியூட்டர் உங்களுக்கு விளக்கலாம், உங்களுக்காக எழுதக் கூடாது. ஒரு பத்தியை அவர் எழுதிக் கொடுத்தாலும் இருவருக்கும் ஆபத்து.

அப்புறம், முன்பு போட்ட கணக்குக்கே திரும்ப வருகிறோம். 48 கிரெடிட்டோடு உள்ளே வந்தவர் அடுத்த ஆண்டு ஆட 60 சதவீதம், அதாவது 72 சேர்த்திருக்க வேண்டும். நடுவில் 24. இலையுதிர் பருவத்தில் 9, ஆட்டமும் பயணமும் அதிகமுள்ள வசந்தத்தில் 9 சேர்த்தால், கோடையில் 6 மிச்சம். முழுநேர மாணவராக இருக்க ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டுக்குப் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டில் எது பட்டத்துக்கு உதவுகிறது, எது வெறும் இடம் நிரப்புகிறது என்று அட்வைசரோடு உட்கார்ந்து, ஜனவரி முதல் வாரத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். மார்ச்சில் கோடை வகுப்புப் பட்டியல் வெளிவரும்போது நீங்கள் ஏதோ ஒரு ஊரில், ஹோட்டல் அறையில், அடுத்த நாள் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.